நான்கு பக்கமும் ஒட்டிய உறை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் சுண்டு எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். இவருக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மாடிப்படியைக் கண்டால் வருகிறது, சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் போய்விடுகிறது. அங்கே உங்கள் உடம்பும் அண்ணன் உடம்பும் எப்படி இருக்கின்றன?

மாதம் பிறந்தால் அண்ணனிடமிருந்து மூன்று வரி வரும். "நலம். தூசி அதிகம். மாப்பிள்ளையைச் சைக்கிளைப் பூட்டிவைக்கச் சொல்." அதற்கு மேல் அவர் எழுதியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஜனவரியில் வரவில்லை, பிப்ரவரியிலும் வரவில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவை முப்பது வருஷம் மேற்பார்வையிட்டவர். உடையாமல், தேதி தவறாமல் அனுப்பியே பழகியவர். அவரா மறப்பார்?

அதனால் கேட்கிறேன். அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா? இருமல் உண்டா? வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பை என்னுடையது என்று வருகிறவர்களில் யார் நிஜம், யார் சும்மா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் முகம் இங்கே இல்லை, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
சுண்டு


பிப்ரவரி 24

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரின் முழங்காலும் சௌக்கியமா? ஐம்பது வயதுக்காரியைச் சுண்டு என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. உன் அண்ணன் வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. உன் கடிதம் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. பிரிக்கத்தான் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது.

இங்கே எதிர்வீட்டு வாதுமை மரம் இலை கொட்டுகிறது. மரம் முழுக்கச் சிவப்பு. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு இலையின் சிவப்பு இன்னொன்றில் இல்லை. கண்ணாடிக் கடைக்கு ஒன்றை எடுத்துப் போய், நான் லென்ஸ் தேய்க்கும் மேசையில் வைத்தேன். முதலாளி பார்த்தார். "என்னம்மா இது?" "இலை சார்." "அது தெரியுது." அவ்வளவுதான், போய்விட்டார். சாயங்காலம் போகும்போது இலையைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றேன். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுளையாக. விதையை எவ்வளவு தூரம் துப்ப முடியும் என்று பார்த்தேன். ஒன்று தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனது. பாதத்தில் வெயில் விழுந்துகொண்டே இருந்தது.

அண்ணனைக் கேட்டிருந்தாய். அவர் எப்படி இருப்பாரோ அப்படித்தான் இருப்பார். உனக்குத் தெரியாததா?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலம் என்பதும் தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இலைக்கு எட்டு வரி, ஆரஞ்சுக்கு ஆறு வரி. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குக் கடைசியில் இரண்டு வரி. எங்கள் கவுண்டரில் இப்படித்தான் நடக்கும். பையின் நிறம், கைப்பிடி, தையல் எல்லாவற்றையும் சொல்வார்கள். "உள்ளே என்ன இருந்துச்சு?" என்றால் முழிப்பார்கள்.

இன்னொன்று. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தீர்கள், பாதத்தில் வெயில் விழுந்தது என்கிறீர்கள். ரிட்டயரானதிலிருந்து அண்ணன் அந்தக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறாரே. தூசி வராது, பூச்சி வராது, அடுத்தவன் கண் வராது என்று. கதவு எப்படித் திறந்தது? வெயில் எந்த வழியாக வந்தது? அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையா?

இங்கே எங்கள் வீட்டிலும் இப்போது ஜன்னல்களைச் சாத்தித்தான் வைத்திருக்கிறோம். தூசிதான், வேறென்ன. கூடத்தில் இடம் கொஞ்சம் குறைந்துபோனதால் இவர் மத்தியானத் தூக்கத்தைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சுண்டு


ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் வீட்டுக்காரரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். சமையலறையில் படுக்கிறவருக்கு அது கைக்கெட்டும் தூரம்தானே.

டேப்பைப் பற்றிக் கேட்டாய். பிரித்துவிட்டேன். சமையலறைக் கதவு முதலில், பிறகு ஜன்னல்கள். லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து வைத்தால் பசை இளகிவிடுகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கீழ்ப்பக்க ஜன்னல் மட்டும் பிடிவாதம் பிடித்தது. திறந்தபோது மரச்சட்டத்தில் டேப் இருந்த இடம் மட்டும் புதுசாக, மற்ற இடம் வெளுத்துப்போய் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்று வருகிறது. எனக்கு இது தெரியவே தெரியாது. இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், டேப்புக்கு முன்பு எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள், தினமும் ஆறு மணிக்குக் காற்று வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. இப்போது அதற்காக ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். இரண்டு கோப்பை டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருப்பதில்லை.

பின்பக்கம் மண்ணைத் தோண்டி ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். புடலை விதை போடலாம் என்று யோசனை. நீயும் ஏதாவது நடு. காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்க ஒன்று இருக்கும்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. கேள்வியை நேராகவே கேட்கிறேன்.

பாத்தி எவ்வளவு ஆழம்?

சிரிக்காதீர்கள். புடலைக்கு ஒரு சாண் போதும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் யாரை வைத்துத் தோண்டினீர்கள்? இரண்டு கோப்பை டீ என்றால் இரண்டாவது கோப்பை யாருக்கு? ஒரு நாற்காலி வாங்கினேன் என்றீர்கள். ஒன்றுதானா? முப்பத்தொரு வருஷம் வாய் திறக்காத பெண்பிள்ளை திடீரென்று காற்று, இலை என்று எழுதினால் நெருப்பில்லாமல் புகையுமா என்றுதான் ஊர் கேட்கும். நான் கேட்கவில்லை, ஊர் கேட்கும்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அண்ணனை அவர் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "நலம்" என்று ஒரு வார்த்தை போதும். அது முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

சுண்டு


ஜூன் 11

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. கோபம் இல்லை. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் காற்று வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்கு ஒருநாள் ஜலதோஷம், அவ்வளவுதான். அது மழையில் நனைந்ததால் வந்தது. தெரிந்தேதான் நனைந்தேன்.

முதல் மழை. கடையிலிருந்து வரும் வழியில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கடை வாசல்களில் ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். பிறகு, எதற்கு ஒதுங்குகிறோம், வீட்டில் திட்ட யார் இருக்கிறார்கள் என்று இறங்கி நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். தையல்காரர் கடைக்குள்ளிருந்து, "அக்கா, கொடை வேணுமா?" என்று கத்தினார். "வேணாம்ப்பா, இப்பத்தான் நல்லா இருக்கு" என்று நானும் கத்தினேன்.

உன் கேள்விகள். பாத்தி ஒரு சாண் ஆழம். நீ நினைக்கிறதை அதில் போட்டால் முழங்காலுக்குக் கீழேதான் மறையும். தோண்டியது நானே. இரண்டு கோப்பையும் எனக்கே. முதல் கோப்பை களைப்புக்கு, இரண்டாவதுதான் டீக்கு. நாற்காலி ஒன்றுதான்.

அண்ணன் கையால் ஒரு வரி கேட்டாய். அவர் எழுதினால் எனக்கு முன்னால் உனக்குத்தான் தெரியும்.

புடலை கொம்பைப் பிடித்துவிட்டது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது என் மனசிலிருந்து வருகிற வார்த்தை.

மற்றது கேட்க வேண்டியிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். "வீட்டில் திட்ட யார் இருக்கிறார்கள்" என்று எழுதினீர்கள். அப்படியென்றால் யாரும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா? இல்லை என்றால் ஏன் இத்தனை மாதம் அதைச் சொல்லவில்லை? மறைக்க என்ன இருக்கிறது? உங்கள் கடை முதலாளி இலையை நேராக வைத்தாரே, அவர் வீட்டுப் பக்கம் வருவதுண்டா? தையல்காரர் உங்களை அக்கா என்று எத்தனை நாளாகக் கூப்பிடுகிறார்?

கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் பதினான்கு டேப் சுருள் இருந்ததே, அவை பத்திரமாக இருக்கின்றனவா? கீழ்ப்பக்க ஜன்னலில் உள்பக்கமாக மூன்று ஆணி அடித்திருந்ததே, அவற்றைப் பிடுங்கிக் கொடுத்தது யார்? அது ஒரு பெண்பிள்ளை கைக்கு வராது.

பதில் எழுதுங்கள்,
சுண்டு


ஜூலை 1

அன்புள்ள சுண்டுவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். பாவம், உன் கை வலித்திருக்கும்.

நீ இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அப்போது டேப்பும் இல்லை, ஆணியும் இல்லை, கட்டிலுக்கு அடியில் பெட்டியும் இல்லை. பதினான்கு சுருள் என்று உனக்கு எண்ணிச் சொன்னவர் உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நான் அதை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. உன் முதல் கடிதமே நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டி வந்தது. ஒரு தாள் இருக்கிற உறைக்கு நான்கு பக்கமும் டேப் ஒட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், சரி. சோற்றையாவது கொஞ்சம் அதிகமாகப் போட்டிருக்கலாம்.

அவர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நடந்தது இது. ஜனவரி நாலாம் தேதி காலை, குளிருக்குக் காலில் கொஞ்சம் வெயில் படட்டும் என்று கூடத்து ஜன்னலில் டேப்பைக் கிழித்துத் திறந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வந்து நின்றார். "ஜன்னல் வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டார். அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடுமோ என்று ஒரு நினைப்பு, இதற்கு என்ன சொல்வது என்று ஒரு நினைப்பு. யோசித்தேன். அவ்வளவுதான். யோசித்ததற்கே பெட்டியைக் கட்டிவிட்டார். தெருமுனை போவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நான் வாசலில்தான் நின்றேன். கூப்பிடவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது. நான் அழுது எழுதுவேன், "எங்கே போனாரோ தெரியவில்லை" என்று புலம்புவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை, சுண்டு. ஆரஞ்சுதான் ஞாபகம் வந்தது, அதை எழுதினேன். இன்னொன்றும் உண்டு. முப்பத்தொரு வருஷத்தில் "இன்னைக்கு என்ன பண்ணின?" என்று அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நான் தின்ற ஆரஞ்சை, நான் குடித்த டீயை, நான் நனைந்த மழையை வரிவரியாகத் துருவிப் படிக்கிறார். சந்தேகப்பட்டாவது படித்தாரே. அதற்காகவே நிறைய எழுதினேன்.

மூன்று ஆணியையும் நான்தான் பிடுங்கினேன். குறடு வைத்து. கை நன்றாகவே வந்தது.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 10

என் அருமை அண்ணிக்கு,

இதை ஆபீசிலிருந்து எழுதுகிறேன். உறையைப் பாருங்கள், நாக்கால் நனைத்து ஒட்டியது. இரண்டாம் ஆளுக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை முதலில் பிரித்தது அண்ணன்தான். எல்லாக் கடிதத்தையும் அவர்தான் பிரித்தார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, "இந்த ரெண்டாவது கோப்பையப் பாத்தியா? இங்கதான் மாட்டிக்கிட்டா" என்பார். நான் எழுதிக் கொடுப்பேன். பொய்ப் பை கேட்டு வருகிறவர்களை இருபது வருஷமாக விரட்டியவள், என் அண்ணிக்கே ஒரு பொய்ப் பையைக் கட்டி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். சொல்லாமல் வந்து இறங்கி, டீ நேரத்தில் உங்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதாகத் திட்டம். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு, "மூணு தடவ திரும்பினதக்கூட எண்ணியிருக்கா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றிலும் அவர் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், உடம்பு சரியில்லையா?" என்றார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரப்போகிறாரா, வரமாட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இனிமேல் யாருக்காகவும் யாரையும் கேட்பதாக இல்லை.

நேற்று ஆபீஸ் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு தின்றேன். இருபது வருஷத்தில் அந்தப் படியில் உட்கார்ந்தது முதல் தடவை. விதை ரொம்ப தூரம் போகவில்லை.

உங்கள் அன்பை இழக்க விரும்பாத,
சுண்டு


செப்டம்பர் 3

என்ன எழுதிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உனக்கு நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை.

நலம். தூசி அதிகம். நீ நலமா?

ஆரஞ்சு வாங்கித் தின்றேன். புளிப்பு. கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டான் என்று சந்தேகம். அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினேன், அது பரவாயில்லை. விதையைத் துப்பிப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து குழாய் பதினோரு அடி. நான் அளந்து வைத்த வீடு அது. அவ்வளவு தூரம் போகுமா? நிஜமாகவே போனதா?

அன்றைக்குக் காலில் வெயில் படத்தான் ஜன்னலைத் திறந்தாய் என்று நான் நம்பவில்லை. தெருவில் யாரையோ பார்க்க என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஏதாவது நினைத்துக்கொண்டிருந்தேன். உன் நாலு கடிதத்தையும் வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். பென்சில் இல்லாமல். யாரும் வரவில்லை. வெயில் வருகிறது, காற்று வருகிறது, மழை வருகிறது. நீ தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறாய். நான் இருந்தபோதும் தனியாகத்தான் குடித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது தாங்கவில்லை.

வர ஆசையாக இருக்கிறது. நானாக வந்து நிற்கமாட்டேன். அன்றைக்கு நீ யோசித்துக்கொண்டிருந்தாய், நான் காத்திருக்காமல் கிளம்பிவிட்டேன். யோசித்து முடித்துவிட்டாயா? அவசரமில்லை.

உறைக்கு ஒரு பக்கம் மட்டும் டேப் ஒட்டியிருக்கிறேன். அதுவும் இல்லாமல் அனுப்பக் கை வரவில்லை.


செப்டம்பர் 19

உங்களுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, கத்தரிக்கோல் தேவைப்படவில்லை.

வாதுமை மரம் மறுபடி சிவக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை இலை கொட்டும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். புடலை பதினேழு காய்த்தது. தையல்காரருக்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று கொடுத்தேன். இதையும் சந்தேகப்படுவதானால் படலாம், இருவர் வீட்டிலும் சமைத்தது அவர்கள் மனைவிமார்தான். டேப் சுருள் பதின்மூன்றுதான் இருக்கிறது. ஒன்றை எடுத்துக் கொடியைக் கொம்போடு கட்டினேன். நன்றாகப் பிடிக்கிறது. அது அதற்குத்தான் சரி.

விதை குழாய் வரைக்கும் போனது நிஜம். நம்பாவிட்டால் நேரில் துப்பிக் காட்டுகிறேன்.

நீங்கள் இல்லாத எட்டு மாதம் எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைத்து உங்களைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. தெரிந்துகொண்டு வருவதானால் வாருங்கள்.

யோசித்து முடித்துவிட்டேன். ஜன்னல் வேண்டும். நீங்களும் வரலாம்.

வரும்போது ஒரு நாற்காலி வாங்கி வாருங்கள். என்னுடையதைத் தரமாட்டேன்.